புறப்பாடு: பதிவு இல்லை

ஒரே ஒரு தாள்தான். அதை மடித்து எடுத்துக்கொண்டு உன் தங்கை போன மாதம் நல்லவாட்டிலிருந்து கிருமாம்பாக்கத்துக்கு என்னைத் தேடி வந்தாள். அவளுக்கும் அமெரிக்காவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. விசா படிவம் நிரப்பும்போது உன் பழைய பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு அந்த நாட்டின் குடிவரவுத் தளத்தில் தேடி, வந்ததை அச்செடுத்திருக்கிறாள். நீ நுழைந்த தேதி இருந்தது. வெளியேறிய தேதி இல்லை.

நாம் ஒரே விமானத்தில்தான் போனோம். நான் படிக்க, நீ கடற்பாசி பற்றி ஆராய, வருகை ஆய்வாளராக. இறங்கிய மறுநாளே நுழைவுப் பதிவைச் சரிபார்க்கச் சொன்னார்கள். போனில் பார்த்துவிட்டு, “அவங்க நோட்டுல நம்ம பேரு ஏறிடுச்சுடி” என்று சிரித்தாய். ஐந்தாம் மாதம் காய்ச்சல் என்று படுத்தாய். மூன்றே நாள். திரும்பும்போது நீ பயணிகள் பட்டியலில் இல்லை. சரக்குப் பட்டியலில் வந்தாய். சரக்குக்கு யார் புறப்பாடு பதிவார்கள்?

அக்கா அங்கேயே தங்கிவிட்டாள் என்று நினைத்துத் தன்னையும் மறுத்துவிடுவார்களோ என்பது தங்கையின் பயம். இறப்புச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோகச் சொன்னேன். அவள் எழுந்திருக்கவில்லை. அந்தத் தாளை வீட்டில் சத்தமாகப் படித்துவிட்டாளாம். அன்றிலிருந்து உன் அம்மா மத்தியானம் உனக்கும் ஒரு தட்டு வைக்கிறாளாம்.

மறுநாளே நல்லவாட்டுக்குப் போனேன். தட்டு இருந்தது.

“பொட்டிய தொறக்கவே வுடல,” என்றாள் உன் அம்மா. “இப்ப பேப்பர்லயும் அவ கெளம்பலன்னுதான் போட்ருக்குது. நான் இன்னான்னு நெனைக்கிறதுமா?”

உன் பெட்டி வந்து சேரப் பன்னிரண்டு நாளாகிவிட்டது. திறக்க வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். முகம் பார்க்காமலே உன்மேல் மண் போட்டவள் அவள். ஆஸ்பத்திரியில் உன்னை அடையாளம் காட்டியவள் நான். இத்தனை வருடமாக அதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் மேலே ஏதாவது கேட்பாளே என்று பயம். அன்று சொன்னேன்.

அவள் ஒன்றுதான் கேட்டாள். “தல விரிஞ்சி கெடந்துச்சா?”

“இல்லம்மா. நாந்தான் பின்னிவுட்டேன்.”

“அப்ப வந்துட்டா,” என்றாள். எழுந்துபோய் அந்தத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

தங்கைக்கு விசா கிடைத்துவிட்டது. சான்றிதழைப் பார்த்த அதிகாரி வேறெதுவும் கேட்கவில்லையாம். உன் பதிவைத் திருத்தச் சொல்லி எழுதும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன். கடிதம் தயார், இன்னும் அனுப்பவில்லை. அனுப்பாதவரை நீ அந்த ஊரில் எங்கோ நடந்துகொண்டிருப்பதாக எனக்குள் ஏதோ ஒன்று நம்புகிறது. ஆனால் அன்று பின்னும்போது உன் தலைமுடி ஈரமாக, ஜில்லென்று இருந்தது. என் விரல்களுக்கு அது தெரியும்.