ஒன்பதாம் வார்டின் கடைசி ஆள்

மார்ச் 4
வார்டில் இரண்டே பேர். ஒரு காலத்தில் கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்தோம். எச்ஐவியோடு காசநோயும் சேர்ந்து வந்தவர்கள். பாதிப்பேர் நடந்து வெளியே போனதில்லை. இப்போது மாத்திரையை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். மே மாதம் இதைப் பிரசவ வார்டாக மாற்றப் போவதாக மேட்ரன் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன் — ஏன்?

மார்ச் 11
இன்னொருவரும் வீட்டுக்குப் போய்விட்டார். மீதி லாரி டிரைவர் மட்டும். பரிசோதனையில் மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்றுதான் வந்தது. ஆனால் காய்ச்சல் விடவில்லை, எடை ஏறவில்லை. நோயின் பெயரைக் கேட்ட நாளிலிருந்து அவர் மனைவி போனை எடுப்பதில்லை.

மார்ச் 12
இன்றும் எடுக்கவில்லை.

மார்ச் 19
தலையணை உறையை உதறியபோது மாத்திரைகள் உதிர்ந்தன. ஒன்பது நாள் மாத்திரை. என் கண்ணெதிரில்தானே விழுங்கினார்! நாக்குக்கு அடியில் ஒதுக்கியிருக்கிறார். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"கொணமாயிட்டா அனுப்பிடுவீங்க. எங்க போறது சிஸ்டர்? இங்கயாவது சாப்டியான்னு கேக்க நீங்க இருக்கீங்க."

திட்டத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

"என் தம்பி அந்த ஜன்னலோரக் கட்டில்லதான் செத்தான். எட்டு மாசம் கழிச்சுதான் இந்த எச்ஐவி மாத்திரை இங்க வந்துச்சு. அவனுக்குக் கெடைக்கலய்யா."

கையை நீட்டினார். விழுங்கிவிட்டு, கேட்காமலேயே வாயைத் திறந்து காட்டினார். டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். இதை மறைக்கக் கூடாது.

மார்ச் 21
தம்பியைப் பற்றி அவரிடம் எதற்குச் சொன்னேன்? டைபாய்டு என்றல்லவா ஊருக்கே சொல்லி வைத்திருக்கிறோம். அம்மா சாகும்வரை அதையேதான் சொன்னாள். அவன் பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான். அதுவும் யூனிஃபார்மில், யாரோ நர்ஸ் மாதிரி. எல்லார் முன்னாலயும் அக்கான்னு கூப்பிடாதடான்னு சொன்னேன். அந்த வார்த்தை எப்படி வாயில வந்துச்சு எனக்கு? அவன் கூப்பிடவேயில்லை, கடைசி வரைக்கும்.

ஏப்ரல் 9
டிரைவரின் மறுபரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை; கிருமி இன்னும் மருந்துக்குக் கட்டுப்படுகிறது. இரண்டு கிலோ ஏறியிருக்கிறது. அவரிடம் கேட்டுக்கொண்டு, விடுமுறை நாளில் மனைவியைத் தேடிப் போனேன். அவள் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. தனக்கும் இருக்குமோ என்ற பயத்தில் பரிசோதனைக்கே போகவில்லையாம். கூட்டிக்கொண்டு போனேன். ஒன்றும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மே 2
அவர் கிளம்பிவிட்டார். கூட்டாளியின் லாரி ஷெட்டில் தங்கிக்கொள்வாராம். வார்டைப் பூட்டிச் சாவியை ஆபீசில் கொடுத்தேன். நல்ல நாள்தான். யாரிடம் சொல்ல?

ஜூன் 17
இப்போது வெளிநோயாளிகள் பிரிவில் இருக்கிறேன். மாத்திரை வாங்க அவர் வரவில்லை. பதறிப்போய்ப் போன் செய்தேன். எடுத்தது அவர் மனைவி.

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, டிபி மாத்திரை மட்டும் வெறும் வயித்துலன்னு சொல்றாரு. சரிதானாங்க?"

"சரிதாம்மா."

இனிமேல் வீட்டுக்குப் பக்கத்து மையத்திலேயே வாங்கிக்கொள்கிறார்களாம். இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. அவர் அட்டையில் 'இடமாற்றம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.