பாசாருக்குப் போகலாம்

இன்று காலை புதுச் சைக்கிள்கள் வந்து இறங்கின. அட்டைப் பெட்டியைக் கிழித்ததும் அந்த வாசம் வந்தது, புது டயர் வாசம். "இதுக்காகவே கடை நடத்தலாம்டி" என்று பெட்டிக்குள் மூக்கை நுழைத்து இழுப்பாயே, அதே வாசம். நீ போன பிறகு வந்த முதல் சரக்கு இது. ஏதாவது வரும் என்று பெட்டிக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். அழுகையோ, வேறு ஏதோ ஒன்றோ. ஒன்றும் வரவில்லை. ரப்பர் வாசம் ரப்பர் வாசமாகவே வந்து போனது. அட்டையை மடித்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு ஹெண்டிலைப் பூட்ட உட்கார்ந்தேன்.

தலைக்கு மேலே பேனரில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். கூடையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்க, ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஜாசின் ஊர்ச் சந்தையான பாசாருக்கு முன்னால் நிற்கிறாய். உன் காலுக்குக் கீழே மஞ்சள் எழுத்தில், 'தினமும் சைக்கிள் ஓட்டுங்கள்! நோயின்றி நூறாண்டு வாழுங்கள்!' அதை எழுதிக் கொடுத்தது நான்தான். வியாபாரம் மந்தமாக இருந்த நேரம். சும்மா 'சைக்கிள் கடை' என்று போட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அச்சடித்து வந்ததை விரித்துப் பார்த்து நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"நூறு வருஷமா? நான் எப்ப அப்படிச் சொன்னேன்? பாசாருக்குப் போகலாம்னுதானே சொன்னேன்!"

உண்மைதான். நீ சொன்னதெல்லாம் அவ்வளவுதான். நாம் சேர்ந்து வேலை பார்த்த தொழிற்சாலையை மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியபோது, இனி என்ன செய்வது என்று நான் முழித்துக்கொண்டிருந்தேன். நீயோ சைக்கிள் கடை என்றாய். இந்த ஊரில் இருக்கிற பெண்களெல்லாம் சின்னப் பிள்ளையில் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் சைக்கிள் ஓட்டியவர்கள், கல்யாணம் ஆனதும் இறங்கியவர்கள், அவர்களை மறுபடியும் ஏற்றிவிட வேண்டும் என்றாய். கணவன் கார் சாவியைக் கொடுக்கிற வரைக்கும் ஒரு கட்டுக் கீரைக்காகக் காத்திருக்கிறார்களே என்று உனக்கு அப்படி ஒரு கோபம். உடம்பு இளைக்கும், ஆயுள் கூடும் என்றெல்லாம் நீ ஒரு நாளும் பேசியதில்லை. உன் பக்கத்து வீட்டு அங்கிள் பார்க்கிங் தேடிக் காரில் பாசாரைச் சுற்றிச் சுற்றி வருவார். அதற்குள் நீ மீனை வாங்கி, கூடையில் போட்டு, அவர் கார்க் கண்ணாடியைத் தட்டி, "அங்கிள், இன்னும் சுத்துறீங்களா? கெம்போங் மீனு முடிஞ்சிடுச்சு லா!" என்று கத்திவிட்டுப் போவாய். உன் பிரச்சாரம் அதுதான்.

அப்புறம் நம் கடை வழக்கம். விற்ற சைக்கிளை லோரியிலோ வேனிலோ ஏற்றி அனுப்பக் கூடாது. வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போக வேண்டும், நாம் கூடவே ஓட்டிக்கொண்டு அவர் வீட்டு கேட் வரைக்கும் போக வேண்டும். கடையை இழுத்துச் சாத்தி, 'சைக்கிள்ல போயிருக்கோம்' என்று அட்டையைத் தொங்கவிட்டுக் கிளம்புவோம். வாங்கியவர் இடப்பக்கம், புல்லோரமாக. நீ வலப்பக்கம், வண்டிகள் வருகிற பக்கம். நான் பின்னால். லோரி ஹாரன் அடித்தால் நீ நகரவே மாட்டாய். "அவன் சுத்திப் போவான், நீ ஓட்டு" என்பாய். எஸ்டேட் பக்கம் போன ஓர் அக்கா வழி முழுக்க "ஐயோ, ஐயோ" என்றே ஓட்டிக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் இறங்கியதும், "அவ்வளவுதானா?" என்று கேட்டாரே. திரும்பி வரும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். திரும்புகிற வழியில் மட்டும் நான் உன் பக்கத்தில் வருவேன். எனக்கு இடப்பக்கம், உனக்கு எப்போதும் வலப்பக்கம்.

நீ போனது ரோட்டில்கூட இல்லை. கடையில், பிளாஸ்டிக் நாற்காலியில். ஒரு பெடலை முடுக்கிக்கொண்டிருந்தாய். "நெஞ்ச என்னமோ பண்ணுதுடி" என்றாய். ஸ்பேனரைக் கீழே வைத்தாய், போடவில்லை, வைத்தாய். ஆம்புலன்ஸ் வந்தது. அவ்வளவுதான். இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று எனக்கே தோன்றுகிறது.

உன் வீட்டில், நீ கூடத்தில் கிடக்க, அந்த அங்கிள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "தினமும் சைக்கிள் ஓட்டுன பிள்ளைக்கே இப்படின்னா… நான் பாரு, கார விட்டு இறங்குறதே இல்ல. என்னா கணக்கோ போ" என்றார். நான் தலையாட்டினேன். கருமக்கிரியை முடிவதற்குள் அதே பேச்சைப் பாசாரில் கேட்டேன், கோவிலில் கேட்டேன், கிளினிக்கில் மருந்துக்குக் காத்திருந்தபோதும் கேட்டேன். எடுத்து வைக்கச் சொன்ன சைக்கிளை ஒருத்தர் வேண்டாம் என்றார். இன்னொரு பெண் வாங்கியதையே திருப்பிக் கொண்டுவந்தார். "வீட்டுக்காரர் ஓட்ட வேணாம்னு சொல்லிட்டாரு அக்கா. அந்தப் பேனரப் பாத்தா எனக்கும் என்னமோ மாதிரி இருக்கு" என்றார்.

எனக்கும் அப்படித்தான். கழற்றலாம் என்று ஸ்டூலில் ஏறுவேன், உன் முகம் நேருக்கு நேர் வந்து நிற்கும். உன்னைச் சுருட்டி எந்த மூலையில் வைப்பது? இறங்கிவிடுவேன். விட்டாலோ, உன் காலடியிலேயே அந்த மஞ்சள் எழுத்து உன்னைக் கேலி செய்கிறது. போகிற வருகிறவர்கள் எழுத்தைப் படித்துவிட்டு உன்னைப் பார்க்கிறார்கள், அப்புறம் என்னைப் பார்க்கிறார்கள். நான் பொய் சொல்லி விற்றவளாகிவிட்டேன். அதில் உன்னையும் சாட்சிக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். இதற்கிடையில் கடை இடத்துக்குச் சொந்தக்காரரான தவுக்கே வேறு இந்த வாரத்துக்குள் பதில் கேட்டிருந்தார், கடையைத் தொடர்ந்து வைத்துக்கொள்கிறேனா, விடுகிறேனா என்று. விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அதில் வருத்தம்கூட இல்லை. விற்ற ஒன்றிரண்டு சைக்கிளையும் வேன்காரருக்குப் போன் போட்டு ஏற்றி அனுப்பினேன். உனக்குத் தெரிந்தால் திட்டியிருப்பாய். யாரும் திட்டவில்லை.

இன்று அந்தப் புதுச் சைக்கிளுக்குக் கூடை பூட்டும்போது ஒரு பெண் வந்தாள். பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்கிறவள், சிம்பாங் சந்திப்பைத் தாண்டி இருக்கிற தாமான் குடியிருப்பில் வீடு. சைக்கிளைச் சுற்றி வந்தாள், மணியை அடித்துப் பார்த்தாள், அப்புறம் தலையைத் தூக்கிப் பேனரைப் பார்த்தாள்.

"இந்த அக்காதானே தவறிட்டாங்க?"

"ஆமாம்மா."

"பாசார்ல பாத்திருக்கேன். சத்தம் போட்டுப் பேசுவாங்க." கொஞ்சம் தயங்கினாள். "எனக்கு இனிப்பு நீர் இருக்கு அக்கா. இத ஓட்டினா குறையுமா?"

அவள் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். சர்க்கரை குறையும் என்று சொன்னால் வாங்கியிருப்பாள், டாக்டரும் அதையேதான் சொல்லியிருப்பார். ஆனால் உன் முகத்துக்குக் கீழே நின்றுகொண்டு எனக்கு வாய் வரவில்லை.

"அது எனக்குத் தெரியாதும்மா. டாக்டரக் கேளு" என்றேன். "பாசாருக்குப் போகலாம்."

அவள் சிரித்துவிட்டாள். "அதுக்குத்தான் அக்கா வேணும்! அவர் கார எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிடுவாரு. மீனு வாங்க ஞாயித்துக்கிழம வரைக்கும் உக்காந்திருக்கணும். எனக்கு நெனச்சா போகணும் லா."

சீட்டை அவள் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தேன். அவள் கடைக்கு முன்னால் ஒரு வட்டம் ஓட்டிப் பார்க்கப் போனாள். நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். உன் செருப்புக்குக் கீழே, மஞ்சள் எழுத்தை மட்டும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெட்டி எடுத்தேன். நீயும் சைக்கிளும் முருங்கைக்காயும் மிச்சம். கொஞ்சம் கோணலாக வெட்டிவிட்டேன், மன்னித்துக்கொள்.

அவள் திரும்பி வந்தாள், வியர்த்திருந்தது. "வேன்ல கொண்டாந்து விடுவீங்களா அக்கா? ரோட்டுல ஓட்டி ரொம்ப வருஷமாச்சு. சிம்பாங்ல லோரி வரும், பயமா இருக்கு."

போனைக் கையில் எடுத்தேன். வேன்காரர் நம்பரையும் எடுத்துவிட்டேன். பிறகு உள்ளே போய் உன் சைக்கிளைக் கொண்டுவந்தேன். என்னுடையதில் செயின் கழன்று கிடக்கிறது, உன்னுடையதில் காற்று மட்டும்தான் இல்லை. அடித்தேன். அட்டையைத் தொங்கவிட்டேன். 'போயிருக்கோம்' என்றுதான் இன்னும் இருக்கிறது, மாற்றவில்லை.

அவளை இடப்பக்கம் விட்டு நான் வலப்பக்கம் ஏறினேன். அந்தப் பக்கத்தில் ஓட்டியது எனக்கு இதுதான் முதல் தடவை. பின்னாலிருந்து பார்த்தபோது தெரியவில்லை, லோரி போகும்போது காற்று இப்படித் தள்ளும் என்று. சிம்பாங்கில் ஒருவன் ஹாரன் அடித்தான். அவள் "அக்கா!" என்று கத்தினாள். "அவன் சுத்திப் போவான், நீ ஓட்டு" என்றேன். அவன் சுற்றித்தான் போனான். வீட்டு கேட்டில் இறங்கி, தண்ணீர் கொண்டுவர அவள் உள்ளே போன நேரத்தில், தவுக்கேவுக்குப் போன் போட்டுக் கடையை நானே வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. சரி என்று சொன்னார், சரி என்று வைத்தேன்.

திரும்பி வரும்போது ஒரு கார் பின்னால் நின்று நின்று ஹாரன் அடித்தது. எதற்கு என்று புரியவில்லை. பிறகுதான் கவனித்தேன். தனியாக வருகிறவள் ஓரமாகத்தானே வர வேண்டும்? நான் இன்னும் வலப்பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன், இடப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு. அங்கே காலியாகக் கிடந்தது என் இடம். நான் உன் இடத்தில் இருந்தேன். ஓரத்துக்கு நகரலாம் என்று ஹெண்டிலைத் திருப்பினேன், முடியவில்லை. கார் என்னைச் சுற்றிப் போனது. கடை வரைக்கும் அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தேன்.