கூண்டுக்குக் கட்டுப்பட்ட பாட்டு

நன்மை நிலைக்க. ஆண்டில் எட்டுத் திங்கள் மூடுபனி தங்கும் வெண்கழி நாட்டை, கடலின் பொறுமையாலும் கழிமுகத்து அம்மையின் கருணையாலும் பத்தொன்பதாம் ஆண்டாகக் காத்துவரும் கோமான் திருமேழியன் எழுதுவித்த ஓலை. சங்குத்துறைப் பட்டினத்தின் துறைத்தலைவர் மாறன் சேந்தன் காண்க. உமது துறையில் இட்ட நங்கூரம் நழுவாதிருக்கட்டும். உமது படகோட்டிகளின் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். உமது புன்னைத் தோப்பு பூ உதிர்த்தவண்ணம் இருக்கட்டும். இங்கு நாமும் அரசியும் நலம்.

உமது ஓலையில் இரண்டு கேட்டிருந்தீர். விலையோலையின் நிபந்தனையை மீறிய பறவைக்காவல் எயினியின் பணிமோதிரத்தை என்றைக்குமாகப் பறித்துவிடுவதா என்பது ஒன்று. தோப்பில் பாடும் காட்டு மைனாக்களை வலையிட்டுப் பிடித்து, ஏழ்தீவுப் புள்வணிகரின் முகவர் இளநாகரிடம் ஒப்படைப்பதா என்பது மற்றொன்று. விடை சொல்லுமுன் நம் ஓலைநாயகத்தை அங்கே அனுப்பினோம். அவர் நான்கு நாள் தங்கி, பேசியவர் பேச்சைப் பேசியபடியே எழுதி வந்தார். அதை மூன்று முறை படிக்கக் கேட்டோம். கேட்டதை உமக்கே திருப்பிச் சொல்கிறோம். அருகில் இருப்பவர் கண்ணுக்குச் சில தெரியாமல் போவதுண்டு.

பனிக்குள் படகு செலுத்துவது உறங்குகிறவர் கனவுக்குள் நடப்பதைப் போன்றது. துடுப்பு தெரியும், அது தொடும் நீர் தெரியாது. மணல்மேடுகள் இடம் மாறும் அந்த முகத்துவாரத்தில், நீர் ஏறும்போது மூன்று நெடுங்குரலும் இறங்கும்போது இரண்டு குறுங்குரலும் கொடுக்கப் பழக்கிய பன்னிரண்டு மைனாக்களை வணிகர் கொண்டுவந்தனர். ஒரே பாட்டுக்கு இரு விலை சொன்னார்கள். முழுவிலைப் பறவையை எங்கும் வைக்கலாம். பாதி விலைப் பறவை கூண்டோடு கட்டுப்பட்டது. நீர் மகிழ்ந்து பாதி விலைக்குப் பேசி முடித்தீர். அம்மையின் தேரோட்ட நாளில் ஓலை வந்தது. ஏழு ஏட்டில் நாம் ஐந்தைப் படித்தோம். மேளம் கேட்டது, முத்திரையை அழுத்திவிட்டுத் தேர் பார்க்கப் போனோம்.

பறவை அந்தக் கூண்டில் மட்டுமே பாட வேண்டும். கூண்டு பழுதானால் வணிகரின் ஆள் தவிர வேறெவரும் தொடலாகாது. பாட்டு வேறு பறவையின் செவியில் விழலாகாது. மீறினால் பன்னிரண்டும் அவர்களுக்கே திரும்பும் என்பதெல்லாம் நாம் படிக்காத ஏடுகளில் இருந்தன.

எயினிக்கு ஓலை படிக்கத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது பறவை. எது பழம் கேட்கும், எது இடிக்கு நடுங்கும் என்று பெயர் பெயராகச் சொல்வாள். உப்புக்காற்றில் கூண்டின் அடிப்பிரம்பு இற்றபோது உம்மிடம் வந்து நின்றாள். நீர் வணிகருக்கு எழுதினீர். பழுது பார்ப்பவர் இரண்டு ஆண்டு கழித்து வருவார் என்று பதில் வந்தது. நாலு பிரம்பும் ஒரு முழக் கயிறும் போதும் என்று அவள் சொன்னதற்கு, தொடாதே என்றீர். அவள் தொடவில்லை. மழை ஒழுகும் பக்கத்தில் தன் மேலாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது நிபந்தனையில் இல்லை என்று அவளுக்குத் தோன்றியதாம்.

கார்த்திகை பன்னிரண்டாம் நாள் காலையில், பதினான்கு படகுகள் வெளியே இருந்தபோது, கூண்டு தொங்கிய துறைக் கோபுரத்தைக் காற்று உத்தரத்தோடு சாய்த்தது. கூண்டு நொறுங்கியது. பறவைகள் பிழைத்தன, ஆனால் வாய் திறக்கவில்லை. பனிக்குள்ளிருந்து படகோட்டிகள் கூப்பிடுவது அவளுக்குக் கேட்டது; எந்தத் திசையென்று தெரியவில்லை. அவள் தன் மீன்கூடையில் மேலாடையை விரித்து, பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்து நெஞ்சோடு அணைத்துச் சூடேற்றி, அதில் வைத்தாள். கூடையைத் தோப்பின் உயர்ந்த புன்னையில் தொங்கவிட்டு, கீழே நின்று அம்மையை வேண்டினாள். சற்றுநேரம் பூ உதிரும் ஓசை மட்டும் இருந்தது. பிறகு இடிக்கு நடுங்கும் அந்தப் பறவைதான் முதலில் பாடியது. மூன்று நெடுங்குரல். பதினான்கு படகும் கரை சேர்ந்தன.

நீர் அன்று மாலையே அவள் மோதிரத்தைக் கழற்றினீர். கோபுரம் இல்லாமையால் கூடை தோப்பிலேயே இருந்தது. அதன்பின் இருபதாம் நாள் இளநாகர் விசாரிக்க வந்து சேர்ந்தபோது, தோப்பிலுள்ள காட்டு மைனாக்களெல்லாம் நீரேற்றம் சொல்லிக்கொண்டிருந்தன.

அங்கே நடந்த பேச்சையும் ஓலைநாயகம் எழுதியிருக்கிறார். ஏன் மீறினாய் என்று இளநாகர் வினவ, எயினி, “கூண்டுதானே ஐயா ஒடிஞ்சுது, குருவிக்குத் தொண்டை ஒடியலையே” என்றாள். தோப்புப் பறவைகளை அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்க, பதினான்காம் படகின் சுக்கான் பிடிப்பவன் பொழிலன், “எண்ணுங்க, எண்ணுங்க. அப்படியே அலையையும் வலை போட்டுப் பிடிச்சிருங்க. இந்தக் குருவிக்கெல்லாம் அதுதான் மொதல்ல சொல்லிக்குடுத்தது” என்று ஏளனம் செய்தான். கூடியிருந்தோர் சிரித்தனர். இளநாகர் தலைகுனிந்து, “நான் எழுதுன ஓலை இல்லம்மா இது. சுமந்து வந்தவன் நான்” என்று எயினியிடம் மட்டும் மெல்லச் சொன்னாராம். அவள் அவருக்கு மோர் கொடுத்தாள்.

இனி நம் தீர்ப்பு. முத்திரை இட்ட சொல் முத்திரை இட்ட சொல்லே. படிக்கவில்லை என்பது சாக்கு ஆகாது. பன்னிரண்டு பறவைகளும் வணிகரிடம் திரும்புக. நிபந்தனை மீறியவர் இனிப் பறவை வளர்க்கலாகாது என்கிறது ஆறாம் ஏடு. காவலர் செய்யும் பிழைக்கு முத்திரை இட்டவரே பொறுப்பு என்கிறது ஏழாம் ஏடு. ஆகவே அந்தத் தண்டனை எயினிக்கு உரியதன்று, நமக்கு உரியது. இன்று விடியற்காலையில் அரண்மனைத் தோட்டத்துக் கூண்டுகளை நம் கையாலேயே திறந்தோம். அரசியின் பச்சைக்கிளி மட்டும் வாசலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்து, பிறகு போயிற்று.

காட்டுப் பறவைகளைப் பிடிக்கலாகாது. நாம் முத்திரை இட்டது பன்னிரண்டு பறவைகளுக்கு. தோப்பின் காற்றுக்கு அன்று. இதை வணிகர் குழுவுக்குப் பணிவாக எழுதியிருக்கிறோம். மாறாகக் கருதினால் அவர்கள் வரட்டும், உட்கார்ந்து கேட்போம்.

எயினியின் மோதிரத்தை நீரே அவள் வீட்டுக்குச் சென்று கொடுப்பீராக. அவள் இனிப் பறவை வளர்ப்பவள் அல்லள். தோப்பில் நாள்தோறும் தினை தூவுபவள்.

மேலும், நம் நாட்டில் எவர் எதை மலிவாய் வாங்கினும், ஓலையின் கடைசி ஏட்டை முதலில் அவிழ்க்க. வாங்கும் பொருளைப் பயன்படுத்தப் போகிறவர் கேட்க அதை உரக்கப் படிக்க. ஒடிந்தால் நாம் சீர்செய்யலாமா, இடம் மாறினால் எடுத்துச் செல்லலாமா, அயலார் தவிக்கும்போது பகிரலாமா என்று கேட்ட பின்னரே விலை பேசுக. உம்மைக் கடிந்துகொள்ளவில்லை, சேந்தரே. அவிழ்க்காத முடிச்சில் நம் விரலும் இருந்தது.

இறுதியாக ஒன்று. இளநாகர் பறவைகளைக் கொண்டுசெல்ல வருவார். கூண்டு நொறுங்கிவிட்டது, வேறொன்றில் வைக்க அவர் ஓலையே இடம் தராது. அவர் கையைப் பிசைந்து நிற்பார். அப்போது எயினி தன் மீன்கூடையை, மேலாடை விரித்தபடியே, அவரிடம் கொடுக்கட்டும். எது பழம் கேட்கும், எது இடிக்கு நடுங்கும் என்பதையும் சொல்லி அனுப்பட்டும். அவர் படகேறும்போது பனி விலகியிருக்காது. நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அறியாமல் அவர் துடுப்பைத் தூக்கியபடி காத்திருப்பார். துறையில் எவரும் நகைக்கலாகாது, பேசலாகாது. தோப்பு பாடுவது அவர் செவியில் விழும்வரை அனைவரும் அமைதி காக்க.

புன்னைப்பூ பொறித்த நம் முத்திரையை, இம்முறை ஏடு முழுதும் படித்த பின், இட்டோம். இவ்வாறே செய்க.