மல்லிகாவுக்குக் கையெழுத்து வாங்கிய மாதம்

மார்ச் 3, செவ்வாய்

உறைமழை. கார்க் கண்ணாடியைச் சுரண்டியே கை விறைத்துப்போனது. முதியோர் இல்லத்தில் காலை ஷிஃப்ட். இரண்டு பேர் வரவில்லை, முதுகு போச்சு.

பின்னேரம் எம்.பி. அலுவலகத்திலிருந்து ஃபோன். உதவியாளர் தமிழ்ப் பிள்ளைதான், இங்கே பிறந்தது. தயங்கித் தயங்கி இங்கிலீசில் சொன்னது. எங்கள் மனு பாராளுமன்றத்துக்குப் போகாதாம். கையெழுத்துகளில் முக்கால்வாசி செல்லாது. ஒரே கையால் வீடு முழுவதற்கும் போட்டிருக்கிறார்களாம்.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எங்கள் சனம் வேறு எப்படிப் போடும்? கோயில் வாசலில் ஒரு தாளை நீட்டினால் அர்ச்சனைத் துண்டென்ற நினைப்பு. புருஷன், பிள்ளைகள், கனடாவை எட்டியும் பாராத மாமியார், எல்லாரும் ஒரே மூச்சில். ஒருத்தி பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரமும் எழுதியிருக்கிறா. ரேவதி, மீன ராசி. பாராளுமன்றத்தில் ஐயர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாவோ தெரியாது.

பத்மா அன்ரிக்கு எடுத்துச் சொன்னேன். மனு அவவின் யோசனை. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் இருக்கத் தெரியாத மனுசி. எது எது பிழையென்று கேட்டு எழுதிக்கொண்டா. பிறகு, "சரி, திரும்ப வாங்குவம். இந்த முறை பேனையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்தில நிப்பன்" என்றா.

மல்லிகாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 4, புதன்

லீவு நாள். வாங்க வேண்டியது: பால், உள்ளி, மல்லிகாவுக்குக் குளிர்ச் சப்பாத்து.

அவள் என் பேஸ்மென்டுக்கு வந்து ஒரு குளிர்காலமாகிறது. இலங்கை மலைநாட்டில் ஹற்றன் பக்கத்துப் பிள்ளை. மார்க்கம் நகரில் வதனி என்றவவின் வீட்டில், படுக்கையில் கிடந்த அவவின் மாமியாரைப் பார்க்கிற வேலைக்கு வந்தவள். மாமியாரோடு குசினி, உடுப்பு, பிள்ளைகள், பனி தள்ளுவது எல்லாம் அவள் தலையில். வந்த அன்றே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துவிட்டார்கள். சம்பளத்தை ஊருக்கு அனுப்புகிறோம் என்றார்கள், ஊரில் ஒருவரும் காணவில்லை. வேலை பெர்மிட் அந்த வீட்டுப் பெயரில். வீட்டை விட்டு வெளிக்கிட்டால் பெர்மிட்டும் இல்லை, நாடும் இல்லை. வக்கீல் கடிதம் போட்ட பிறகுதான் பாஸ்போர்ட் கூரியரில் வந்தது. பெர்மிட்டுக்கு இன்னும் முடிவில்லை.

மனுவில் நாங்கள் கேட்பது அதைத்தான். பெர்மிட் வேலை செய்கிற ஆளின் கையில் இருக்கவேண்டும். ஓராளை வீட்டுக்குள் கட்டிவைத்து வேலை வாங்குவதற்குப் பெயர் அடிமைத்தனம். இதை இந்த நாட்டில் இல்லாமல் செய்யுங்கள்.

தமிழில் வாசித்துக் காட்டியபோது அவள் கேட்டாள்: "இது என்னையவா சொல்றீங்க?" ஓம் என்றேன். "அடிமைன்னு போடாதீங்கக்கா. வீட்டு ஆளு மாதிரித்தான் வச்சிருந்தாங்க."

அந்தச் சொல்லை வெட்டாமலே தாளை மடித்து வைத்தேன்.

இன்று மத்தியானமும் கேட்டாள், குளிக்கட்டுமா என்று. எனக்குச் சுள்ளென்று வந்தது. இந்த வீட்டில் குளிக்க, சாப்பிட, படுக்க ஒருவரிடமும் கேட்க வேண்டாம் என்று எத்தனை தரம் சொல்லியாயிற்று. சரியென்று தலையாட்டினாள். கொஞ்சம் கழித்து வந்து, ஜன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

வெயில், ஆனால் பல் கிட்டுகிற குளிர். பூசை முடிந்து தேவாலய வாசலில் நான். கோயில் வாசலில் பத்மா அன்ரி.

போன முறை சிரித்துக்கொண்டு போட்டவர்கள் இந்த முறை பிரசங்கம் வைக்கிறார்கள். எந்த வீடென்று கதை பரவிவிட்டது. வதனியின் புருஷன் எல்லா விழாவுக்கும் அள்ளிக் கொடுக்கிற ஆள். அவர்களைப் பகைக்க யாருக்கு விருப்பம்?

காதில் விழுந்தவை:

"உது குடும்ப விசயம்."

"பெட்டைக்குச் சாப்பாடு குடுத்தவைதானே."

"அடிமை எண்டு எழுதினா வெள்ளைக்காரன் எங்களை என்னெண்டு நினைப்பான்?"

கடைசியாகச் சொன்ன அங்கிளுக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். தேவாலய வாசல், விழுங்கிவிட்டேன். ஆனால் எனக்குத் தெரியாத ஒரு பெண், பிள்ளை வண்டிலைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தா. தாதி வேலைக்கென்று வந்து தானும் அப்படி ஒரு வீட்டில் இருந்தவவாம். கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனா.

வீட்டுக்கு வந்தால் மல்லிகா, தானும் போடலாமா என்று கேட்கிறாள். கனடாவில் இருக்கிற எவரும் போடலாம். விலாசம் என்ற இடத்தில் பேனை நின்றது. "அந்த வீட்டு விலாசமா அக்கா?" இந்த வீடுதான் உன் விலாசம் என்றேன். எழுத்து எழுத்தாக எழுதினாள். பிறகு தாளைத் தூக்கி ஊதினாள், மை காயவேண்டுமாம்.

மார்ச் 25, புதன்

பனி கரைந்து எங்கும் சேறு. இன்று மனு பாராளுமன்றத்தில்.

பத்மா அன்ரி வீட்டில் ஐபேடை முட்டுக்கொடுத்துப் பார்த்தோம். எம்.பி. எழும்பினார், வாசித்தார், இருந்தார். நான் தேத்தண்ணியில் சீனி கலக்கி முடிக்கவில்லை. அடுத்த ஆள் எழும்பி வேறு மனு, ஏதோ ஏரித் தண்ணீர் பற்றி. சபையில் பாதிக் கதிரை வெறும் கதிரை. அரசாங்கத்தின் பதில் எழுத்தில் வருமாம், நாளாகுமாம்.

அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா, திரும்பத் துடைத்தா. "இவ்வளவுதானோ பிள்ளை" என்றா.

மல்லிகா அன்ரியின் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "முடிஞ்சிருச்சா?" முடிந்தது என்றேன். "என் பேரச் சொன்னாங்களா?" பெயர் சொல்லமாட்டார்கள், அது உன் பாதுகாப்புக்கு என்று விளங்கப்படுத்தினேன். நல்லதுதான் என்றாள். முகம் வாடித்தான் இருந்தது.

மார்ச் 27, வெள்ளி

வதனியின் மாமியார் மோசம் போய்விட்டா. இணையத்தில் மரண அறிவித்தல். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், லண்டன் பெறாமக்கள், பாரிஸ் சம்பந்தி வரை எல்லார் பெயரும் உண்டு. கடைசிக் காலத்தில் மகனும் மருமகளும் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார்கள் என்று ஒரு வரி.

மல்லிகா என் ஃபோனைக் கீழே வைக்கவேயில்லை. மேலேயிருந்து கீழே, திரும்ப மேலேயிருந்து. அவள்தான் அந்த மனுசிக்கு ஊட்டினாள், கழுவினாள், புண் வராமல் புரட்டிப் புரட்டிப் போட்டாள். இந்த வேலை எனக்குத் தெரியும். எங்கள் இல்லத்தில் ஆள் மாறி ஆள் செய்தும் முடிவதில்லை.

"பெரியம்மா மூஞ்சிய ஒருக்கா பாக்கணும் அக்கா. என்னையத்தான் தேடியிருப்பாங்க."

நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அன்ரி திட்டினா. பிறகு தானும் வருவதாகச் சொன்னா.

மார்ச் 28, சனி

மழை. மார்க்கம் நகரில் உடலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். கார் விட இடமில்லை.

மல்லிகா புதுச் சப்பாத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தாள். பெட்டியடியில் நின்றாள். அழவில்லை. மனுசியின் சேலைத் தலைப்பு மடிந்திருந்தது, அதை நீவி விட்டாள். அவ்வளவுதான்.

வதனி கண்டுவிட்டா. எங்களை நோக்கி வந்தா. பத்மா அன்ரி என் கையைப் பிடித்தா. சண்டை வரும் என்று நானும் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டேன். சண்டை வந்திருந்தாலும் பரவாயில்லை. வதனி சாதாரணமாக, முந்தநாள் கண்டவள்போலச் சொன்னா: "வந்திட்டியா? அங்கால தேத்தண்ணி ஊத்த ஆளில்லை. போய்ப் பார்."

மல்லிகா ஜாக்கெட்டைக் கழற்றினாள். போய்விட்டாள்.

பக்கத்து அறைக்கு ஓடினேன். கப்புகளை அடுக்கி ஊற்றத் தொடங்கிவிட்டாள். வதனிக்குச் சீனியில்லாமல் தனியாக ஒன்று. விடு, நாங்கள் போவோம் என்றேன். பெரியம்மாவுக்கு வந்த சனம், வெறுமனே அனுப்பக்கூடாது என்றாள். சரி, அதுவும் நியாயம்தான் என்று நின்றேன். எல்லாருக்கும் கொடுத்து, கப்புகளைப் பொறுக்கி, மேசையைத் துடைத்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு அவளுடைய ஜாக்கெட்டை நானே எடுத்து நீட்டினேன்.

"இருங்கக்கா, வந்துர்றேன்" என்று வதனியின் பக்கம் திரும்பினாள்.

"செத்த வீட்டில ஒருத்தரும் சொல்லிக்கொண்டு வெளிக்கிடுறேல்லை. பேசாமல் வா" என்றேன்.

"சொல்லிக்க இல்லக்கா" என்றாள். "போகட்டுமான்னு கேக்கணும்."

வதனி யாரோ லண்டன் ஆட்களோடு கதைத்துக்கொண்டிருந்தா. மல்லிகா ஜாக்கெட்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி, இரண்டடி தள்ளி, அவ திரும்பும்வரை காத்து நின்றாள். நானும் அன்ரியும் வாசலில். வதனி திரும்பவேயில்லை.