ஒன்று எட்டுக்கு நடந்ததைக் கோப்பில் ஏற்றக் கோரி

அனுப்புநர்:
படுக்கை எண் பதினான்கில் உள்ள ஐந்து மாத ஆண் குழந்தையின் தாய்,
நேரக் காப்பாளர், பேருந்துப் பணிமனை.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
குழந்தைகள் மருத்துவமனை.

பொருள்: சிறுநீர்ப்பைப் பரிசோதனையில் விடுபட்ட நான்காம் அளவைச் சேர்க்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். இது புகார் மனுதான். ஆனாலும் எழுத எழுத எனக்குச் சிரிப்பு வருகிறது. நடையில் அது தெரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. என் மகனுக்குச் சிறுநீர் கீழே இறங்குவதோடு நிற்காமல், பையிலிருந்து மேலேறி இரண்டு சிறுநீரகங்களுக்கும் திரும்பிப் போகிறது. கடுமையான நிலை என்றார்கள். இரண்டு முறை காய்ச்சலில் துவண்டுபோனான். அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. நான்கு மணி நேரம் கூடவே இருந்து, அவன் ஒவ்வொரு முறை போனதும் பையில் எவ்வளவு மீதி என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும், ஒரு முறையாவது ஏறக்குறைய முழுதாகக் காலி செய்தால் காத்திருக்கலாம், இல்லையென்றால் சிறுநீர் நேராக வெளியேற அறுவை செய்து வயிற்றில் சிறு திறப்பு வைப்பது பற்றி முடிவெடுக்க வேண்டும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

3. சென்ற வெள்ளிக்கிழமை பரிசோதனை. நான், என் கணவர், செவிலியர் என மூன்று பெரியவர்கள் வேறு வேலையே இல்லாததுபோல் ஒரு குழந்தையின் இடுப்புக்குக் கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வீட்டில் அவனுக்கு ‘மந்திரி’ என்று பெயர். அன்று அதற்குப் பொருத்தமாகவே நடந்துகொண்டான். 10.10, 11.20, 12.15 என மூன்று முறை போனான். மீதி முறையே 18, 22, 15 மில்லி. சரியாக ஒரு மணிக்கு நேரம் முடிந்தது என்று அறையைப் பூட்டிவிட்டார்கள்.

4. இங்கேதான் என் புகார். ஒன்பது மணிக்கு எங்களுக்கு டோக்கன் கொடுத்தார்கள். குழந்தை அறைக்குள் போனது 9.25க்கு. நான்கு மணி நேரத்தை டோக்கனிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். பயணி நிறுத்தத்துக்கு வந்த நேரத்தைப் பேருந்து புறப்பட்ட நேரம் என்று நான் எழுதினால், என் வேலை அன்றே போய்விடும்.

5. வெளியே வந்து, காவலாளியின் மேசையோரம் இருந்த பெஞ்சில் துணி மாற்றக் கிடத்தினேன். மணி 1.08. மந்திரி கையைக் காலை உதைத்தான், ஒரு கணம் யோசித்தான், பிறகு நடுவில் நிற்காமல், தயங்காமல், வளைந்து போன ஒரே வீச்சில் காவலாளியின் வருகைப் பதிவேடு முழுவதும் அடித்துத் தீர்த்தான். ஸ்கேன் கருவியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்த செவிலியர் அப்படியே நிறுத்தி, பெஞ்சிலேயே அவன் வயிற்றில் வைத்துப் பார்த்தார். “அக்கா, மூணு மில்லிதான்! காலி பண்ணிட்டான் அக்கா!” என்று அவர் போட்ட சத்தத்துக்குக் கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். என் கணவருக்கு வாயெல்லாம் பல். நான் அழுதேன். மருத்துவமனைக்குள் சத்தம் போட்டதற்கு எங்கள் மூவர் சார்பிலும் மன்னிப்புக் கோருகிறேன்.

6. அந்த மூன்று மில்லியை எழுதச் சொல்லிப் பதிவறைக்குப் போனேன். “ரூமுக்கு வெளியே போனதெல்லாம் கணக்குல வராதும்மா” என்று எழுத்தர் சொல்லிவிட்டார். ஐந்து மாதக் குழந்தைக்கு அறை எண் படிக்கத் தெரியாது, ஐயா. 9.25இலிருந்து எண்ணினால் 1.08க்கு இன்னும் பதினேழு நிமிடம் பாக்கி இருந்தது.

7. என் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். “பக்கம் நனைஞ்சதுக்கு மேலிடத்துல என்னைத்தான் கேப்பாங்க” என்று காவலாளி அன்றே தம் பதிவேட்டில், ‘பகல் 1.08, ஆண் குழந்தை சிறுநீர் கழித்ததால் பக்கம் 61 ஈரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது தங்கள் மருத்துவமனையின் பதிவேடு, நகலை இணைத்துள்ளேன். ஸ்கேன் கருவியின் நினைவிலும் அளவும் நேரமும் இருப்பதாகச் செவிலியர் சொல்கிறார்.

8. வியாழக்கிழமை மருத்துவர்கள் கூடி முடிவெடுக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் தாளில் மூன்று தோல்விகள் மட்டுமே உள்ளன. அதற்குள் நான்காம் அளவைச் சேர்க்க ஆணையிட வேண்டும்; விதி இடம் தராவிட்டால், குழந்தை அறைக்குள் நுழையும் நொடியிலிருந்து எண்ணி, முழு நான்கு மணி நேரம் மறுபடி பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று நான் அடம்பிடிக்கவில்லை. என் மகன் செய்து காட்டியதையும் படித்துவிட்டு மருத்துவர்கள் என்ன சொன்னாலும், அவர்கள் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
மந்திரியின் அம்மா
(கையொப்பம்)

நாள்: செவ்வாய்க்கிழமை, காலை 8.40
இடம்: தங்கள் அறை வாசல்
இணைப்பு: பதிவேட்டின் பக்கம் 61, நகல் (காய்ந்த பின் எடுத்தது)