ஆசிரியைக்கு முன்னால் வந்த பேய்

லண்டன்.

மாண்புமிகு வினிஃப்ரெட் மகாராணியாருக்கு,

உன் இருமல் பதவி விலகியதா? நான் நலம். லண்டன் மாநகரமே நான் படம் ஓட்டும் கருவியை நம்பித்தான் இருட்டில் உட்கார்ந்திருக்கிறது.

நேற்று, பிள்ளைகளை வளர்க்க வந்த ஆசிரியை பேய் பார்க்கும் பழைய படம். அவள் மிரளும் முகத்தோடு ஒரு படச்சுருள் முடிந்துவிடும். அடுத்த சுருளில்தான் பேய் தெரியும். பேய் நிஜமா, அவள் மனப்பிரமையா என்று உலகமே அடித்துக்கொள்கிறது. நான் சுருள்களை மாற்றி ஓட்டிவிட்டேன்!

திரையரங்க மேலாளர் க்ரிம்ஷா என் அறைக்குப் பாய்ந்து வந்தார். "யோவ் டாகெட், உன் வேலை போச்சுய்யா!"

அதற்குள் கீழே திரைப்படச் சங்கத் தலைவர் துள்ளினார். "பாத்தீங்களா, அவ மிரளறதுக்கு முன்னாடியே பேய் நிக்குது! அப்போ நிஜந்தான்!" அரங்கம் அதிரக் கைதட்டல்.

க்ரிம்ஷா குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கும் இப்படியே ஓட்டுய்யா."

வேலை தப்பியது. ஆனால் என் தீர்ப்பு வேறு: பேயே கிடையாது. பேச்சுத்துணை இல்லாதவளுக்கு ஜன்னல்தோறும் ஆள் தெரியும். இந்த அறையில் தனியே எனக்கும் குளிர்கிறது; கம்பளிக் காலுறை வேண்டும். தபாலில் போடாதே, நீயே கொண்டு வா. அடுத்த காட்சிக்கு மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் ஆல்பர்ட் டாகெட்