நாக்கில் எல்லோருக்கும் உள்ள மேடுகளைப் புற்றுநோய் என்று பரப்பும் காணொளி குறித்துப் புகார்

அனுப்புநர்:
தையல் ஆலை கேன்டீன் சமையல்காரியின் அண்ணன்,
லேத் பட்டறைத் தொழிலாளி.

பெறுநர்:
சுகாதார அதிகாரி அவர்கள்,
நகர சுகாதார அலுவலகம்.

பொருள்: பொய்யான மருத்துவக் காணொளிகளை நீக்கவும், வெளியிட்டவர் மீது நடவடிக்கை எடுக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தங்கை தையல் ஆலை கேன்டீனில் பதினோரு ஆண்டுகளாகச் சமைத்து வந்தவள். நாக்கின் பின்பகுதியில், தொண்டைக்கு அருகே வரிசையாக மேடுகள் இருந்தால் அது புற்றுநோய் என்று சொல்லும் காணொளி சென்ற மாதம் எனக்கு வந்தது. "எதுக்கும் பாத்துக்கோ" என்று எழுதி அதை அவளுக்கு அனுப்பியவன் நான்தான்.

2. கண்ணாடியில் பார்த்தாள், மேடுகள் இருந்தன. பயந்துபோய், நாக்கைப் படமெடுத்து அந்தக் காணொளிக்காரருக்கே அனுப்பிச் சந்தேகம் கேட்டாள். படத்தில் முகமும் விழுந்திருந்தது. மறுநாளே அவர் அந்தப் படத்தைப் போட்டு, "இந்த அக்காவுக்கு இன்னும் ஆறு மாசம்தான்" என்று அடுத்த காணொளியை வெளியிட்டார். கீழே, தாம் விற்கும் பொடிக்கு விளம்பரமும் செய்திருந்தார்.

3. அதைப் பார்த்த கேன்டீன் மேற்பார்வையாளர், சாப்பாட்டு வரிசையின் முன்னாலேயே அவளை வாய் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் வாங்கிய தட்டைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். அன்றே அவளைக் கழிவறை கழுவும் வேலைக்கு மாற்றினார்கள்.

4. யாரிடமும் சொல்லாமல் அந்தப் பொடியை வாங்கி ஒன்பது நாள் நாக்கில் தேய்த்திருக்கிறாள். நாக்கு வெந்து, தண்ணீர்கூட இறங்காத நிலையில் மருத்துவரிடம் கொண்டுபோனேன். "இது எல்லாருக்கும் இருக்கறதுதாம்மா. உங்க அண்ணனுக்கும் இருக்கு, பாருங்க" என்று அவர் என் வாயைத் திறந்து காட்டினார். அவளும் எட்டிப் பார்த்தாள். இப்போது அவளுக்கு உப்பும் தெரியவில்லை, புளிப்பும் தெரியவில்லை. ருசி திரும்புமா என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை.

5. காணொளியை எடுத்துவிடும்படி அந்த ஆளைக் கெஞ்சினேன். "அது நல்லா ஓடுது, அண்ணே. அக்காவோட நாக்கை இப்ப எடுத்த போட்டோ ஒண்ணு இருந்தா அனுப்புங்களேன்" என்றார்.

6. மருத்துவச் சான்றுடன் நேற்று அவள் ஆலைக்குப் போனாள். வாசல் காவலாளி எழுந்து நின்று, "நீங்க இன்னும் இருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறார். கேலி இல்லை ஐயா, நிஜமாகவே வியந்து கேட்டிருக்கிறார். அவள் உள்ளே போகாமல் திரும்பிவிட்டாள்.

ஆகவே, அந்த இரு காணொளிகளையும் நீக்கி, பொடி விற்பனையையும் தடுக்க வேண்டுகிறேன். தங்கள் அலுவலர் ஒருவர் அந்தக் கேன்டீனுக்கு நேரில் வந்து, இது நோயல்ல என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். பகல் ஒரு மணிக்கு வந்தால் அனைவரும் இருப்பார்கள். என் தங்கை வரமாட்டாள். அவள் இடத்தில் நான் வந்து நிற்கிறேன்.

இணைப்பு: மருத்துவச் சான்று, மீதிப் பொடியுடன் டப்பா.

இடம்: ஆலைக் குடியிருப்பு
நாள்: பதினான்காம் தேதி, செவ்வாய்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
சமையல்காரியின் அண்ணன்